உன் பெயரை இரவல் கொடுக்காதே!

இளைஞனே! உன்னைத்தான் கேட்கிறேன். உன் வண்டியை ஒருவன் இரவல் கேட்டால் "எங்கே போகிறாய், எப்போது வருவாய்?" என்று நூறு கேள்வி கேட்கிறாய். உன் செல்போனைக் கேட்டால் மனமில்லாமல் கொடுக்கிறாய். உன் பெயரை இரவல் கேட்டால் மட்டும் ஏன் மறு பேச்சில்லாமல் தூக்கிக் கொடுத்து விடுகிறாய்?

சில மாதங்களுக்கு முன் ஓர் ஊரில் ஜும்ஆ முடிந்து வெளியே வந்தேன். தூணோரம் ஓர் இளைஞர் காத்திருந்தார். இருபத்து மூன்று வயது இருக்கும். கையில் ஒரு பிளாஸ்டிக் கவர். அதற்குள் வரித்துறையின் நோட்டீஸ். அவர் ஒரு கடையில் மாதச் சம்பளத்துக்கு நிற்பவர். நோட்டீஸோ அவரை ஒரு நிறுவனத்தின் உரிமையாளர் என்கிறது! லட்சக்கணக்கில் வரி பாக்கி என்கிறது!

"எப்படித் தம்பி இது?" என்று கேட்டேன்.

"முதலாளி ஆதாரும் பான் கார்டும் கேட்டாங்க ஹஜ்ரத். செல்லுக்கு வந்த நம்பரைச் சொல்லச் சொன்னாங்க, சொன்னேன். ரெண்டு இடத்துல கையெழுத்துப் போட்டேன். மாசம் ஆயிரம் ரூபா கூடக் கொடுத்தாங்க. சோறு போடுற முதலாளி கேட்கும்போது எப்படி ஹஜ்ரத் மறுக்கிறது?"

இப்போது அந்த முதலாளி என்ன சொல்கிறாராம்? "நான் பார்த்துக்கிறேன், நீ பயப்படாதே" என்கிறாராம். எதைப் பார்த்துக் கொள்வார்? நோட்டீஸில் அவர் பெயர் இல்லை. நிறுவனத்தில் அவர் பெயர் இல்லை. சிறைக்குப் போக வேண்டி வந்தால் அங்கும் அவர் பெயர் இருக்காது!

சகோதரர்களே! இது ஓர் ஊர்க் கதையல்ல. கடைத் தெருவில் நிற்கும் எவரையும் கேளுங்கள். தம்பி பெயரில் ஒரு கடை, மனைவி பெயரில் ஒரு கடை, வேலைக்காரப் பையன் பெயரில் ஒரு கடை. ஏன் இப்படி? இதைப் பேசாமல் நாம் எத்தனை காலம் மூடி மறைக்கப் போகிறோம்?

அந்த எண்ணுக்குள் என்ன இருக்கிறது?

முதலில் விஷயத்தைத் தெரிந்து கொள்ளுங்கள். தெரியாதவனைத்தான் ஏமாற்ற முடியும்.

பான் என்பது 10 இடங்கள் கொண்ட வருமான வரிக் கணக்கு எண். அதன் நான்காவது எழுத்தைப் பாருங்கள். 'பி' என்றிருந்தால் அது ஒரு தனி மனிதனின் எண். 'எஃப்' என்றிருந்தால் கூட்டு வியாபார நிறுவனத்தின் எண். நீங்கள் தனியாகக் கடை வைத்தால் உங்கள் பான்தான் கடையின் பான். தனியாக வேறொன்று கிடையாது. ஒருவருக்கு ஒரு பான்தான். இரண்டு வைத்திருந்தால் 10,000 ரூபாய் அபராதம்.

ஜிஎஸ்டி எண் 15 இடங்கள் கொண்டது. முதல் இரண்டு இடம் மாநிலத்தைக் குறிக்கும். தமிழ்நாட்டுக்கு 33. அடுத்த பத்து இடம் என்ன தெரியுமா? உங்கள் பான் எண்ணேதான்! அப்படியே எழுத்துக்கு எழுத்து உள்ளே உட்கார்ந்திருக்கிறது. ஆக, கடையின் ஒவ்வொரு பில்லிலும் அச்சாவது வெறும் எண்ணல்ல. அது ஒரு மனிதனின் பெயர். அந்த பில்லில் உள்ள பொய்க்கும் உண்மைக்கும் அந்த மனிதனே பொறுப்பு.

இப்போது புரிகிறதா, ஏன் பிறர் பெயரைத் தேடி அலைகிறார்கள் என்று? ஜிஎஸ்டியில் விற்பனையைக் கடை வாரியாகக் கூட்டுவதில்லை. ஒரு பான் எண்ணின் கீழ் நாடு முழுவதும் நடக்கும் விற்பனை அத்தனையையும் ஒன்றாகக் கூட்டுகிறார்கள். எல்லையைத் தாண்டாமல் இருப்பதாகக் காட்ட, ஒரே வியாபாரத்தை நாலு பெயரில் பிரிக்கிறார்கள். இது முதல் வகை.

இரண்டாவது வகை இன்னும் கொடியது. சரக்கே இருக்காது, பில் மட்டும் போகும்! கூலித் தொழிலாளியின் பெயரிலோ, பீடி சுற்றும் ஏழைப் பெண்ணின் பெயரிலோ ஒரு நிறுவனம் முளைக்கும். கோடிக்கணக்கில் பில் போடும். அந்த பில்லைக் காட்டி வேறொருவன் வரிக் கழிவு எடுத்துக் கொள்வான். பில் போட்ட நிறுவனம் அரசுக்கு ஒரு பைசா கட்டாது. அதிகாரிகள் முகவரியைத் தேடிப் போனால் அங்கே ஓட்டு வீட்டில் ஒரு தாய் திகைத்து நிற்பாள்.

2023 மே 16 முதல் ஜூலை 15 வரை மத்திய, மாநில அதிகாரிகள் நாடு முழுவதும் நடத்திய சோதனையில், பதிவு இருந்தும் இடத்தில் இல்லாத நிறுவனங்கள் 21,791 கண்டுபிடிக்கப்பட்டன. சந்தேகத்துக்குரிய வரி ஏய்ப்பு 24,010 கோடி ரூபாய். இத்தனை ஆயிரம் நிறுவனங்களுக்குப் பின்னால் எத்தனை பேரின் பான் இரவல் போயிருக்கும், எத்தனை பேரின் பான் திருடு போயிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்!

போலி பில் சாதாரணக் குற்றமல்ல. தொகை 5 கோடியைத் தாண்டினால் 5 ஆண்டு வரை சிறை. மாதம் ஆயிரம் ரூபாய்க்கு இளைஞன் விற்றது கையெழுத்தை அல்ல, தன் வாழ்க்கையை!

"நம்பர் எடுத்தால் வம்பு" - உண்மையா?

கடைத் தெருவின் பெரியவர்கள் சிலர் சொல்வார்கள். "எங்க வாப்பா காலத்திலே நம்பரா இருந்தது? நம்பர் எடுத்தா வம்புதான்." ஐயா பெரியவரே! விற்பனை வரி நம் மண்ணுக்குப் புதிதா? ராஜாஜி சென்னை மாகாணத்தின் பிரதமராக இருந்தபோதே, 1939லேயே பொது விற்பனை வரிச் சட்டம் வந்து விட்டது. 2007 ஜனவரியில் வாட் வந்தபோது நீங்கள் 'டின் நம்பர்' எடுத்தீர்கள். 2017 ஜூலை 1 முதல் ஜிஎஸ்டி. பெயர் மாறியது, வரி மாறவில்லை. துண்டுச் சீட்டில் வியாபாரம் செய்த காலம் போய் விட்டது. இன்று வாடிக்கையாளர் ரொக்கமா கொடுக்கிறார்? செல்போனில் தட்டுகிறார். காசு வந்த கணக்கு வங்கியில் நிற்கிறது.

2025 ஜூலையில் கர்நாடகத்தில் என்ன நடந்தது? யுபிஐயில் வந்த வரவைக் கூட்டிப் பார்த்து, பதிவு பெறாத சிறு கடைகளுக்கு வணிக வரித்துறை நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூர்க் கடைக்காரர்கள் கியூஆர் அட்டைகளைக் கழற்றி வைத்து, "ரொக்கம் மட்டும்" என்று எழுதித் தொங்க விட்டார்கள். போராட்டத்துக்குப் பின் அந்த அரசு இறங்கி வந்தது. எல்லா அரசும் எப்போதும் இறங்கி வருமா? நம்மூருக்கு அது வரும் வரை காத்திருக்கப் போகிறோமா?

யாருக்குத் தேவை? யாருக்குத் தேவையில்லை?

எல்லோரும் ஓடிப் போய் எண் வாங்குங்கள் என்று நான் சொல்லவில்லை. தேவையற்றவனைப் பயமுறுத்திப் பணம் பறிக்கும் தரகர் வேலை நமக்கு வேண்டாம்.

பான் எல்லோரும் வைத்துக் கொள்ளுங்கள். ஆண்டு விற்பனை 5 லட்சத்தைத் தாண்டும் வியாபாரிக்கு அது கட்டாயம். ஆதாரும் அதோடு இணைந்த செல்போன் எண்ணும் இருந்தால் வருமான வரித்துறையின் தளத்தில் மின்னணு பான் இலவசம்.

ஜிஎஸ்டி பதிவு, தமிழ்நாட்டில் சரக்கு மட்டும் விற்பவருக்கு ஆண்டு விற்பனை 40 லட்சத்தைத் தாண்டினால்தான் கட்டாயம். சேவைத் தொழிலுக்கும் உணவகத்துக்கும் 20 லட்சம். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். 40 லட்சம் என்பது லாபமல்ல, விற்பனை! கணக்குப் போடுங்கள். நாளொன்றுக்குச் சுமார் 11,000 ரூபாய் விற்றாலே ஆண்டில் 40 லட்சம். பிரியாணிக் கடையில் நாளொன்றுக்கு 5,500 ரூபாய் கல்லாவில் விழுந்தால் 20 லட்சம் தாண்டி விடும். "நான் சின்னக் கடை" என்று சொல்லிக் கொண்டே எல்லையைத் தாண்டியவர்கள் எத்தனை பேர்! தாண்டிய பிறகும் பதிவு செய்யாதவர் மாட்டினால், வரியைத் தன் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும். அதற்கு மேல் 10,000 ரூபாய் அல்லது ஏய்த்த வரித்தொகை, இதில் எது அதிகமோ அது அபராதம்.

வெளி மாநிலத்துக்குச் சரக்கு அனுப்புகிறீர்களா? பொதுவாக விற்பனை எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு தேவை. ஆம்பூர் செருப்பை பெங்களூருக்கு அனுப்பும் இளைஞர்கள் இதைக் குறித்துக் கொள்ளுங்கள்.

வரியே இல்லாத பொருளை மட்டும் விற்பவருக்குப் பதிவு தேவையில்லை. பொட்டலமிட்டு லேபிள் ஒட்டாத பச்சைக் கறி, மீன், காய்கறி விற்பவர்கள் யார் பயமுறுத்தினாலும் பயப்பட வேண்டாம்.

"வரி கட்டியே கடை மூடி விடும்" என்பார்கள். ஒன்றரைக் கோடி வரை விற்பனை உள்ள சிறு வியாபாரிக்கு இணக்க வரித் திட்டம் இருக்கிறது. வியாபாரிக்கு 1 சதவீதம், உணவகத்துக்கு 5 சதவீதம். ஆண்டுக்கு 60 லட்சம் விற்கும் கடைக்கு 1 சதவீதம் என்றால் 60,000 ரூபாய். மாதம் 5,000. இதை வாடிக்கையாளரிடம் தனியாக வாங்கக் கூடாது, வெளி மாநிலத்துக்கு விற்கக் கூடாது, வரிக் கழிவும் கிடையாது. ஆனால் கணக்கு எளிது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வரி, ஆண்டுக்கு ஒரு கணக்கு.

மொத்த வியாபாரம் செய்பவருக்கு முழுப் பதிவே லாபம். ஒரு லட்சம் ரூபாய்ச் சரக்கை 18 சதவீத வரியோடு வாங்குகிறீர்கள். வரி 18,000. எண் இல்லாவிட்டால் அந்த 18,000 உங்கள் செலவு. எண் இருந்தால்? அதே சரக்கை 1,20,000க்கு விற்று 21,600 ரூபாய் வரி வாங்குகிறீர்கள். அரசுக்குக் கட்டுவது வித்தியாசமான 3,600 மட்டுமே! பெரிய நிறுவனங்கள் எண் இல்லாதவனிடம் சரக்கெடுக்கத் தயங்குவது இதனால்தான். நம் சரக்கு மட்டமா? இல்லை! நம் பில் மட்டம்!

தரகரின் சட்டைப் பை

ஜிஎஸ்டி பதிவுக்கு அரசுக் கட்டணம் எவ்வளவு? ஒரு ரூபாய்கூட இல்லை! உதவியவருக்கு அவர் உழைப்புக்குரிய கூலியைக் கொடுங்கள், தவறில்லை. ஆனால் "ஆபீசிலே கொடுக்கணும்" என்று ஆயிரக்கணக்கில் கறப்பவரிடம் ரசீது கேளுங்கள். விண்ணப்பத்தில் தன் செல்போன் எண்ணையும் தன் மின்னஞ்சலையும் போட்டுக் கொள்ளும் தரகரை வாசலோடு அனுப்புங்கள். உங்கள் கடைக்கு வரும் நோட்டீஸ் அவர் செல்லுக்குப் போகும். உங்களுக்குத் தெரியும்போது கெடு முடிந்திருக்கும்.

அதிகாரி இழுத்தடிக்கிறாரா? சட்டத்தைத் தெரிந்து கொண்டு பேசுங்கள். ஆதார் சரிபார்ப்பு முடித்த சாதாரண விண்ணப்பத்துக்கு 7 வேலை நாள். நேரில் வந்து கடையைப் பார்க்க வேண்டிய விண்ணப்பத்துக்கு 30 நாள். 2025 நவம்பர் 1 முதல், பதிவு பெற்றவர்களுக்கு விற்பதில் மாத வரி இரண்டரை லட்சத்துக்கு மேல் போகாது என்று அறிவிக்கும் சிறியவர்களுக்கு 3 வேலை நாளில் எண் தரும் வழியும் வந்திருக்கிறது. அதிகாரி விளக்கம் கேட்டால் 7 வேலை நாளுக்குள் பதில் தர வேண்டும். அதைக் கோட்டை விட்டு விட்டு "நம்ம பேரைப் பார்த்து நிராகரிச்சுட்டான்" என்று குற்றம் சொல்லாதீர்கள்! உண்மையிலேயே அநீதி நடந்தால் சமுதாயம் உங்களோடு நிற்கும். ஆனால் உங்கள் பக்கம் காகிதம் சரியாக இருக்க வேண்டும்.

மத்திய மறைமுக வரிகள் வாரியம் 2025 ஏப்ரல் 17 அன்று தன் அதிகாரிகளுக்கு ஓர் அறிவுறுத்தல் அனுப்பியது. பட்டியலில் இல்லாத ஆவணங்களைக் கேட்காதே, ஊகத்தின் பேரில் கேள்வி எழுப்பாதே, வீடு வேறு ஊரில் இருப்பதை ஒரு காரணமாக்காதே என்பது அதன் சாரம். வாடகைக் கடைக்கு வாடகை ஒப்பந்தமும், உரிமையாளரின் சொத்து வரி ரசீது அல்லது மின் கட்டண ரசீது போன்ற ஓர் ஆவணமும் போதும். ஒப்பந்தம் பதிவு செய்யப்படாதது என்றால் உரிமையாளரின் அடையாளச் சான்றும் சேர வேண்டும்.

ஜமாஅத்தாரே, உங்களுக்கும் ஒரு கேள்வி!

அந்த வாடகை ஒப்பந்தம் எங்கே? பள்ளிவாசல் கடைகளில் எத்தனை பேர் உள்வாடகைக்கு இருக்கிறார்கள்? ஒப்பந்தம் ஒருவர் பெயரில், கடை நடத்துபவர் வேறொருவர். நிர்வாகமோ பல வருடமாகப் பழைய பெயரிலேயே ரசீது கிழிக்கிறது! புதிதாகக் கடை போடும் இளைஞன் இடத்துக்கு என்ன சான்று காட்டுவான்? சான்று இல்லாததால்தான் அவனும் இன்னொருவன் எண்ணுக்குள் ஒளிகிறான். அல்லாஹ்வின் வீட்டுச் சொத்தை வைத்துக் கொண்டு, ஒரு முஸ்லிமை அடுத்தவன் பெயரில் வாழ வைக்கிறோமே, இது நியாயமா? கடையில் யார் இருக்கிறாரோ அவர் பெயருக்கு ஒப்பந்தம் எழுதுங்கள், ரசீது கொடுங்கள்!

எழுதி வைப்பது நமக்குப் புதிதா?

குர்ஆனிலேயே மிக நீளமான வசனம் எது? இரண்டாம் அத்தியாயத்தின் 282வது வசனம். அது எதைப் பற்றியது? கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றி! சாட்சி வைப்பது பற்றி! இதை ஓதும் சமுதாயம்தான் வாய்ப் பேச்சில் கூட்டு வியாபாரம் தொடங்கி, நாலாம் வருடம் மஹல்லா பஞ்சாயத்தில் வந்து நிற்கிறது. மூன்று நண்பர்கள் சேர்ந்து கடை போடுகிறீர்களா? ஒருவன் பெயரில் எண் வாங்கி மற்ற இருவரும் நிழலில் நிற்காதீர்கள். கூட்டு ஒப்பந்தம் எழுதி, நிறுவனத்துக்குத் தனி பான் வாங்குங்கள்.

பிறர் பெயரில் வியாபாரம் செய்யும் முதலாளிமார்களே! தொழுகையில் முதல் வரிசையில் நிற்கிறீர்கள். ஹஜ்ஜுக்கும் போய் வந்தீர்கள். உங்களை நம்பிக் கையெழுத்துப் போட்ட ஏழைப் பையனின் பெயர் ஓர் அமானிதம் இல்லையா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் வியாபாரியாக இருந்தபோது மக்கள் அவர்களுக்கு வைத்த பெயர் அல்அமீன், நம்பிக்கைக்குரியவர். அந்த நபியின் உம்மத் என்று சொல்லிக் கொண்டு, வேலைக்காரன் தலையில் நம் வரியைக் கட்டி விட்டு நிம்மதியாக உறங்க முடிகிறதா? வரித்துறையிடம் தப்பலாம். மறுமையில் அந்தப் பையன் சட்டையைப் பிடிப்பானே, அங்கே எந்த ஆடிட்டர் வருவார்?

இன்றே செய்ய வேண்டியவை

ஜிஎஸ்டி அரசுத் தளத்தில் பான் எண்ணைப் போட்டுத் தேடும் வசதி இருக்கிறது. இன்று இரவே உன் பான் எண்ணைப் போட்டுப் பார். உனக்குத் தெரியாத நிறுவனம் உன் பெயரில் இருந்தால் ஒரு நாளும் தாமதிக்காதே. அந்தத் தளத்தின் குறைதீர்ப்புப் பகுதியிலும், வரி அலுவலகத்திலும், காவல் நிலையத்திலும் எழுத்துமூலம் புகார் கொடு. ஒப்புகைச் சீட்டைப் பத்திரப்படுத்து. கேட்டுக் கொடுத்த பெயரானாலும் மறைக்காதே. இப்போதே நல்ல வழக்கறிஞரைப் பார்.

கடையை மூடி விட்டாயா? எண்ணையும் முறைப்படி மூடு! வளைகுடாவுக்கு விமானம் ஏறிய பிறகு பழைய எண் தன்னால் சாகும் என்று நினைக்காதே. விற்பனை இல்லாவிட்டாலும் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 20 ரூபாய் தாமதக் கட்டணம், ஒரு கணக்குக்கு 500 ரூபாய் வரை. ரத்து செய்ய விண்ணப்பித்து, ரத்தான பின் மூன்று மாதத்துக்குள் இறுதிக் கணக்கும் கொடுத்தால்தான் விடுதலை. திறந்து கிடக்கும் எண், பூட்டாத வீடு. எவனும் நுழைவான்.

ஊர்தோறும் நம் இளைஞர்கள் ஒரு வேலை செய்யுங்கள். மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, அஸருக்குப் பின், ஒரு மேசை, ஒரு கம்ப்யூட்டர். பி.காம். படித்த பிள்ளைகள் ஊருக்கு நாலு பேராவது இருக்கிறார்கள். இலவசமாக பான் எடுத்துக் கொடுங்கள். யாருக்கு ஜிஎஸ்டி தேவை, யாருக்குத் தேவையில்லை என்று சொல்லிக் கொடுங்கள். சுவரொட்டி ஒட்டுவதைப் போல இதுவும் சமுதாயப் பணிதான்.

கடைசியாக ஒன்று. 1997 நவம்பர் இறுதியில் கோவையில் நம் கடைகள் சூறையாடப்பட்டன, கொளுத்தப்பட்டன. மறந்து விட்டோமா? 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டிக் கடைகளும் வீடுகளும் மூழ்கினவே! கடை எரிந்தால் பில் புத்தகமும் சேர்ந்து எரியும். வெள்ளம் வந்தால் கணக்கு நோட்டும் ஊறிப் போகும். இழப்பீடு கேட்டு நிற்பவனிடம் முதலில் கேட்பது "ஆதாரம் எங்கே?" என்றுதான். உன் பெயரில், உன் எண்ணின் கீழ், மாதா மாதம் பதிவான கணக்கை எந்த நெருப்பும் எரிக்காது. அடுத்தவன் பெயரில் கடை வைத்தவன் எந்த முகத்தோடு போய்க் கேட்பான், "எரிந்தது என் கடை" என்று?

இளைஞனே! சிறிய கடையானாலும் உன் பெயரில் வை. உன் எண்ணைப் பலகையில் எழுதி வாசலில் மாட்டு. யார் வந்து கேட்டாலும் தலை நிமிர்ந்து, "இது என் கடை, இது என் கணக்கு" என்று சொல். உன் பெயரை யாருக்கும் இரவல் கொடுக்காதே. பிறர் பெயரை இரவல் கேட்காதே!